எழுதும் வேகம்

வடிவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். மூக்கும் வாயும் மாஸ்க்குக்குள் இருந்தன. லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டு வருவேனா என்றது. ஒருவழியாக வந்து, கதவு திறந்து, இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை உள்ளே திருப்பும்போது அவள் தானாகவே கையைத் தூக்கி மாஸ்க்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, "ஏங்க, அந்த மெமரி கார்டைத் திருப்பிக் குடுத்திருங்க. உங்க பாட்டுக்கு விட்டுராதீங்க" என்றாள். "பேசக் கூடாதும்மா" என்று நர்ஸ் மாஸ்க்கை இழுத்துப் பொருத்தினாள். கதவு மூடியது. திரவியத்துக்கு அந்த நேரம் எரிச்சல்தான் வந்தது. மூச்சு வாங்குகிற நேரத்தில் கார்டாம். சரி சரி என்று தலையை ஆட்டினார். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியாது, கதவு அதற்குள் முக்கால்வாசி மூடியிருந்தது. பிறகு வீட்டில் கூட்டம் கூடியபோது வந்தவர்கள் ஒருவர் விடாமல் அதையே கேட்டார்கள், கடைசியா என்ன சொன்னா, கடைசியா என்ன சொன்னா என்று. ஏதோ அவருக்குப் பாத்தியப்பட்ட ஒரு பொருளைக் காட்டச் சொல்லிக் கேட்பதுபோல. சாமி பேரைச் சொன்னாளா, மகள் பேரைச் சொன்னாளா, உங்களை ஒத்தையில விட்டுட்டுப் போறேனே என்றாளா. ஒண்ணும் சொல்லல என்றார். ஒரு அத்தை உடனே, புண்ணியவதி, பேச்சு மூச்சில்லாம நிம்மதியாப் போயிட்டா என்று மூக்கைச் சிந்தினாள். நிம்மதியாவது. நடுச் சண்டையில் போனாள். ஒரு கடைக்காரன்மேல் கோபமாக இருந்துகொண்டே போனாள். அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்றுதான் வாயை மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொள்வது அவருக்குப் புதிதும் இல்லை.

இப்போது அந்தக் கார்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது, ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பிக்குள். தபால்தலை அளவுகூட இருக்காது. மடியில் கேமராப் பை. எதிரே கண்ணாடி மேசை, அதற்கு அந்தப் பக்கம் தனசிங், காதில் போனை வைத்துக்கொண்டு, "இரிங்க அண்ணாச்சி, ரெண்டே நிமிசம்" என்று கையைக் காட்டிவிட்டு யாரிடமோ டிரைபாட் விலை பேசிக்கொண்டிருந்தார். கடை மாடியில் இருந்தது. கீழே பாளையங்கோட்டை பஸ்கள் ஹாரன் அடிப்பது ஏசிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. திரவியம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கார்டு நீங்க சொன்ன மாதிரி இல்லை. மாத்தித் தாங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பஸ் ஏறியதிலிருந்து சொல்லிப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு 'முடியுமா' வந்து ஒட்டிக்கொள்கிறது. மாத்தித் தர முடியுமா. வடிவு கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். என்ன முடியுமா, நாம என்ன பிச்சையா கேக்கோம் என்பாள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். சண்டையை உயர்த்தாத குரலில் போடத் தெரிந்தவள். பால்காரர், கேபிள்காரர், கேஸ் ஏஜென்சி, எல்லோரிடமும், 'வணக்கம், நான் செண்பகவடிவு பேசுறேன்' என்று தொடங்குவாள், அந்த வணக்கத்திலேயே எதிர்முனையில் இருப்பவனுக்கு வியர்த்துவிடும். அவர் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் உதிரிபாக அறையில் வேலை பார்த்தார். அங்கே சண்டைக்கு இடமில்லை. ஒரு பேரிங்கில் ஒரு எண் அடித்திருந்தால் அது அந்த பேரிங்தான், பொய் சொல்லாது. நாற்பது வருசக் குடும்பத்தில் வெளியாட்களோடு போட வேண்டிய சண்டையை எல்லாம் அவள் போட்டாள், இவர் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது பையும் அவரிடம்தான், சண்டையும் அவரிடம்தான். அதோடு அந்தக் கார்டுக்குள் அவள் கடைசி வாரம் எடுத்த படங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் படங்களை லேப்டாப்பில் ஏற்றிவிட்டுக் கார்டைத் துடைத்துக் காலியாக வைப்பது அவள் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். லேப்டாப்பை அவர் திறந்ததே இல்லை. கார்டைக் கொடுக்கச் சொன்னவளும் அவள்தான், கார்டுக்குள் இருப்பவளும் அவள்தான், இதில் எதைக் கேட்பது என்று அவளிடமே கேட்க வேண்டும்போல இருந்தது.

பக்கத்து ஸ்டூலில் கல்யாண போட்டோகிராபர் ஒருவன், பேச்சிமுத்து என்று தனசிங் கூப்பிட்டார், தாடியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தனசிங் போனை வைத்ததும் அவன்தான் முந்திக்கொண்டான். "அண்ணாச்சி, போன மாசம் நீங்க தந்த கார்டு தாலி கட்டுத நேரத்துல மக்கர் பண்ணிட்டு. அமுக்குதேன் அமுக்குதேன், ஒண்ணும் விழல. செவப்பு லைட்டு மட்டும் மினுக்குமினுக்குன்னு எரியுது. மூணாவது முடிச்சப் போட்டு முடிச்சிட்டாங்க." "பொறவு என்னல பண்ண?" "என்ன பண்ண, மாப்ளய இன்னொரு தடவ கட்டுத மாதிரி கையக் கொண்டு போவச் சொன்னேன்." "பொண்ணோட அப்பா உன்ன அடிக்க வரலியா?" "அவரு அழுதுகிட்டு நின்னாரு, கவனிக்கல." இரண்டு பேரும் சிரித்தார்கள். திரவியம் மடியில் இருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை கட்டுகிற மாதிரி. ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறதாக்கும். ஐயர் ஒரு பக்கம் மந்திரத்தை முடித்துவிட்டுப் பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார், இவன் சொன்னான் என்று மாப்பிள்ளை மறுபடியும் குனிவான், பெண் மறுபடியும் தலையைத் தாழ்த்துவாள், ஆல்பத்தில் இருப்பது கல்யாணம் இல்லை, கல்யாணம் மாதிரி. அதைச் செய்யவைத்தது ஒரு கார்டு. விற்றவர் சிரிக்கிறார், வாங்கினவனும் சிரிக்கிறான். வடிவு படமெடுக்கிற மீன்கொத்தியிடம் போய் இன்னொரு தடவை பாயச் சொல்லிக் கேட்க முடியுமா? வடிவு கேட்டாளா?

நயினார்குளத்தின் கரையில் விடிந்ததும் விடியாததுமாகப் போய் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு மடக்கு நாற்காலி, அவருக்கு விரித்த சாக்கு. கருவெள்ளை மீன்கொத்தி என்று ஒன்று, மற்ற மீன்கொத்தி மாதிரி குச்சியில் உட்கார்ந்து பார்க்காது, தண்ணீருக்கு மேலே ஆகாயத்தில் ஒரே இடத்தில் நின்றபடி இறக்கையை அடித்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஆணியில் மாட்டிவிட்ட மாதிரி. பிறகு விழும். கல் விழுகிற மாதிரி விழும். தண்ணீருக்குள் போய் வெளியே வரும்போது அலகில் மீன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வடிவுக்கு வேண்டியது அந்த வெளியே வருகிற ஒரு படம். அதைக் குளிர்காலம் முழுக்க அவளால் எடுக்க முடியவில்லை. நிற்பது படத்தில் விழும், பாய்வது விழும், தண்ணீர் தெறிப்பது விழும், அதோடு கேமரா நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும். "போச்சு, போச்சு" என்பாள். விளக்கு அணையும்போது பறவை எதிர்க்கரைக்குப் போயிருக்கும். இவர் சாக்கிலிருந்து, மீன் புடிச்சுதா என்பார். "அத எங்கிட்ட ஏன் கேக்கீங்க, கார்டுகிட்ட கேளுங்க" என்பாள். ஒருநாள் பிளாஸ்க்கில் இருந்து டீயை ஊற்றிக்கொண்டே விளக்கினாள். கேமராவுக்குள் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறதாம், எடுக்கிற படம் முதலில் அதில் விழுமாம், அங்கிருந்து கார்டுக்குப் போக வேண்டுமாம். கார்டு வாங்கிக்கொள்கிற குழாய் சின்னதாக இருந்தால் தொட்டி நிரம்பிவிடும். நிரம்பிய தொட்டியில் எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரு சொட்டு விழாது. "அட்டையில எரநூறுன்னு பெருசாப் போட்டிருக்கான் பாருங்க, அது படிக்கிற வேகம். எடுத்து வச்ச படத்தை வெளிய குடுக்கிற வேகம். எழுதுற வேகம் எங்க இருக்கு தெரியுமா? இந்த மூலையில, எறும்பு மாதிரி ஒரு வி, பக்கத்துல முப்பது. நமக்கு வேண்டியது எழுதுறதா படிக்கிறதா? எரநூறுன்னு சொல்லி வித்தாரே அந்த தனசிங், அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" அவள் கேட்டது நியாயம். அவருக்கு அப்போது டீ ஆறிக்கொண்டிருப்பதுதான் கவலை. குளத்தில் நாமக்கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அன்றைக்கே அவள் இருமினாள், இரண்டு தடவையோ என்னவோ, அவர் அதைக் கேட்டார், டீ புரையேறியது என்று நினைத்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி." தனசிங் அவரிடம் திரும்பியிருந்தார். திரவியம் டப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தக் கார்டு நீங்க சொன்ன மாதிரி இல்ல" என்றார். நன்றாகத்தான் வந்தது. "மாத்தித் தரணும்." முடியுமா வரவில்லை. தனசிங் டப்பியைத் திறந்து கார்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது அக்கா வாங்கிட்டுப் போனதுல்லா? டெலிபோன்ல இருந்த அக்கா. போன்ல ஒருநாள் என்னப் பிடிபிடின்னு பிடிச்சிட்டாங்க. எங்க, வரலியா?" "இல்ல." "நல்லா இருக்காங்களா?" "தவறிட்டா." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஏனென்றால் தனசிங்கின் முகம் உடனே மாறிவிட்டது, கையைக் குவித்தார், ஆண்டவரே என்றார், டீ சொல்லவா என்றார், பேச்சிமுத்து ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அல்ல அவர் கேட்க வந்தது. இரங்கல் வாங்க அவர் மாடி ஏறவில்லை. இனி கார்டை மாற்றிக் கொடுத்தாலும் பாவம் பெண்டாட்டி செத்தவர் என்று கொடுப்பார். அது எப்படி வடிவு கேட்ட நியாயம் ஆகும்? "டீ வேண்டாம். கார்டு சரியில்ல" என்றார். தனசிங்குக்கு நிம்மதியாக இருந்திருக்கும், வியாபாரப் பேச்சு வந்துவிட்டது. "கார்டுல குத்தம் இல்ல அண்ணாச்சி. நல்ல கம்பெனி. எரநூறு ஸ்பீடு. இந்தா போட்டிருக்கே." அதே எண்ணை, அதே பெரிய எழுத்தை, நகத்தால் தட்டிக் காட்டினார்.

மேசைமேல் வேறு கார்டுகளையும் பரப்பினார். நீலம், சிவப்பு, தங்க நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய எண், அதற்கடியில் மின்னல், அதற்கடியில் இன்னொரு மின்னல். திரவியம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூலையில் அந்த எறும்பைத் தேடினார். முப்பது. முப்பது. பத்து. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? வேண்டியதை எறும்பு அளவுக்கும் வேண்டாததை யானை அளவுக்கும் அச்சடிக்க எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான், சம்பளம் வாங்கியிருக்கிறான். ஒன்றில் அறுபது இருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பித்தளைப் பற்கள் இரண்டு வரிசை. வடிவு சொல்லியிருக்கிறாள், ரெண்டு வரிசை இருந்தாத்தான் அந்த வேகம் வரும், நம்ம கேமரா அதை ஏத்துக்கும், நான் புத்தகத்துல படிச்சிட்டேன் என்று. "இது" என்றார். தனசிங் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது பெரிய பார்ட்டிங்க வாங்குதது அண்ணாச்சி. உங்களுக்கு எதுக்கு?" பிறகு, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல்தான், "இனி யாரு எடுக்கப் போறா?" என்றார்.

இனி யார் எடுக்கப் போகிறார்கள். பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே மைத்துனன் நமச்சிவாயமும் அதையே கேட்டான். "பனியில குளத்தங்கரையில கெடந்தா சளி நெஞ்சுல எறங்காம என்ன செய்யும் அத்தான்? இந்த வயசுல பொம்பளைக்கு எதுக்கு கேமரா? நீங்களாவது சொல்லியிருக்கலாம்." அடுத்த மூச்சிலேயே, "சும்மா பெட்டிக்குள்ள பூத்துப் போவும். என் பையன்கிட்ட குடுத்திருங்க, ரீல்ஸ் போடுவான்" என்றான். அக்காளைக் கொன்ற சாமான், ஆனால் பையனுக்கு ஆகும். பாயசம் பரிமாறுகிறவன் வந்தான், இலை எடுக்கிறவன் வந்தான். சொல்ல வேண்டியது அதற்கப்புறம் தினமும் வந்துகொண்டிருந்தது, பல் தேய்க்கும்போது, பால் பாக்கெட்டை வெட்டும்போது. பொம்பளைக்கு எதுக்கு என்றா கேட்டாய்? முப்பத்தெட்டு வருசம் ஊரான் ஊரானோடு பேசக் கம்பியைச் சொருகிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். தனக்கென்று ஒன்று பார்க்க வேண்டும் என்று ரிட்டயர்டு ஆனபிறகுதான் அவளுக்குத் தோன்றியது. நீ ஒருநாள் வந்து பார்த்திருக்கிறாயா அவள் பார்த்ததை? இதெல்லாம் நமச்சிவாயத்திடம் சொல்ல வேண்டியது. இப்போது தனசிங் முகத்தைப் பார்த்து வாய்க்குள் புரண்டது. "யாரு எடுத்தா உங்களுக்கென்ன?" என்று மட்டும் வெளியே வந்தது. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. பேச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டான்.

தனசிங் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அல்லது எடுத்துக்கொண்டதைக் காட்டவில்லை. "கோவப்படாதீங்க. மொதல்ல இதுல உள்ள படத்த எறக்கிருவோம். திருப்பித் தந்தீங்கன்னா கார்டு காலியாத்தான் போவும், சொல்லிட்டேன்" என்று பழைய கார்டைத் தன் லேப்டாப்பில் சொருகினார். திரவியம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இதற்கு அவர் மனசைத் தயார் பண்ணி வந்திருந்தார். நேரமாகும், ஒவ்வொன்றாக ஏறும், பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், ஒருவேளை படங்கள் கண்ணில் படலாம், திங்கட்கிழமைப் பனி, புதன்கிழமைப் பாம்புத்தாராப் பறவை, வெள்ளிக்கிழமை அவள் சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை, வந்திரும் பாருங்க என்று சொன்னது. அந்த ஒரே ஒரு தடவைக்காக வெயில் ஏறும்வரை இருந்தார்கள். திரையில் ஒரு பச்சைப் பட்டை தோன்றியது, ஓடியது, முடிந்தது. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்திருந்தார், துடைக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான். பாத்தீயளா வேகத்த! இதப் போயி குத்தம் சொல்லுதீங்களே அண்ணாச்சி." தனசிங்கின் முகத்தில் உண்மையான பெருமை. அட்டையில் போட்டிருந்தது பொய் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கார்டு வெளியே கொடுப்பதில் சூரன். ஒரு வாரக் காலையை, பனியை, அவளுடைய நடுக்கத்தை, டீயை, போச்சு போச்சை, எச்சில் துப்புகிற நேரத்தில் கொடுத்துவிட்டது. வாங்கும்போது மட்டும் அதற்கு வலித்தது. அவள் விரலை அமுக்கிக்கொண்டு காத்திருந்தபோது மட்டும் அதற்கு நேரம் வேண்டியிருந்தது. உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான். அவள் இருந்தபோது ஒருவரும் நின்று கேட்டதில்லை, போனபிறகு என்ன சொன்னாள் என்று உடனே வேண்டும்.

"இது படிக்கிற வேகம்" என்றார் திரவியம். "நாங்க வாங்கினது எழுத." இதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றுவிட்டார். ஏன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடியதாக அது இல்லை. பையைத் திறந்து கேமராவை எடுத்தார். அவள் போனபின் அதைக் கையில் எடுப்பது இதுதான் முதல். பிடி இருக்கும் இடத்தில் ரப்பர் அவளுடைய உள்ளங்கைக்குத் தேய்ந்திருந்தது. "கார்டைத் தாங்க" என்று வாங்கி, அவள் போடுகிறபடியே அம்புக்குறி பார்த்துச் சொருகினார். கண்ணில் வைத்தார். தனசிங் ஒரு கலங்கலான சட்டையாகத் தெரிந்தார், பின்னால் அலமாரி உருகி நின்றது. கண்ணாகத்தான் இருக்கும், புரை எடுத்த கண், அல்லது வேறு ஏதாவதாக இருக்கும், இந்தக் கடைக்குள் வந்ததிலிருந்தே கண் ஒரு மாதிரிதான் இருக்கிறது. விரலை அமுக்கினார். கடகடகடகட என்று கேமரா துடித்தது. அந்தச் சத்தத்தை அவர் சாக்கில் உட்கார்ந்து முதுகுப் பக்கமாகவே கேட்டிருக்கிறார், இப்படி எலும்பில் கேட்டதில்லை. கடகடவென்று போய், முக்கி, நின்றது. விரல் அமுக்கியபடியே இருந்தது. ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கேமராவை இறக்கி மேசையில் விளக்குத் தெரியும்படி வைத்தார். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். எரிந்தது. கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்து, திரும்பி, போயேவிட்டது. இன்னும் எரிந்தது. "தண்ணிக்குள்ள போன பறவை இந்நேரம் வெளிய வந்து, தின்னு முடிச்சு, எதிர்க்கரைக்குப் போயிருக்கும்" என்றார் திரவியம். யாரிடமும் இல்லை. "அண்ணாச்சி சொல்லுதது கரெக்ட்டு. எனக்கும் இதே கார்டு, இதே லைட்டு" என்றான் பேச்சிமுத்து. "நீ ஒன் சோலியப் பாருல" என்றார் தனசிங், ஆனால் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது அணைந்ததும், "நமக்கு ஏஜென்ட்டு எரநூறுன்னு சொல்லித்தான் தந்தான்" என்றார், கொஞ்சம் கழித்து, "அக்கா போன்ல இதத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் வெளங்கல. வாடிக்கையாளர் எல்லாரும் ஏதாவது சொல்லத்தான செய்வாங்கன்னு விட்டுட்டேன். மாத்தித் தாரேன்."

இதுதான் அவள் கேட்டது. ஜெயித்தாயிற்று. அவர் எதிர்பார்த்தது ஏதோ ஒன்று இறங்கும், தோளிலிருந்தோ எங்கிருந்தோ. ஒன்றும் இறங்கவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருந்தது, இப்போது அதை வைக்க இடம்தான் இல்லாமல் போனது. எனக்குத்தான் வெளங்கல என்று தனசிங் சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும். தை மாசத்தில் சொல்லியிருக்கலாமே அதை, போனிலேயே. தனசிங் அந்த இரண்டு வரிசைப் பற்கள் உள்ள கார்டைப் பிரித்து, பழையதை வெளியே எடுத்து, புதியதைக் கேமராவில் சொருகினார். "இப்பப் பாருங்க வித்தியாசத்த" என்று தானே கண்ணில் வைத்தார். உடனே இறக்கிவிட்டார். "என்ன அண்ணாச்சி, ஒரே மங்கலா இருக்கு? ஓகோ, இந்தச் சக்கரத்த யாரோ மாத்தி வச்சிருக்காங்க." கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மிளகு அளவில் பல்லுப் பல்லாக ஒரு சக்கரம். தனசிங்கின் நகம் அதில் பட்டது.

"தொடாதீங்க!"

கத்தியது தான்தான் என்று திரவியத்துக்குத் தெரிய ஒரு கணம் ஆனது. பேச்சிமுத்து ஸ்டூலை விட்டு எழுந்திருந்தான். தனசிங் கையை எடுத்துவிட்டுத் திகைத்துப் பார்த்தார். "நல்லாத் தெரியும்னுதான் அண்ணாச்சி. கண்ணு பவருக்குத் தக்கன திருப்பிக்கிடுதது. திருப்பினா உங்களுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும்." "எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார். "அது அவ வச்சது." கேமராவை எடுத்தால் வடிவு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவருடைய சட்டைப் பையில் போடுவாள், இடிக்குதுங்க என்பாள். கண்ணாடி இல்லாமல் எதிரே வருகிற பஸ்ஸின் பலகையைப் படிக்க மாட்டாள், எப்படி இவளுக்கு அத்தனை தூரத்தில் ஒரு பறவையின் அலகு தெரிகிறது என்று அவர் யோசித்திருக்கிறார், கேட்டதில்லை. இப்படித்தான். இதைத் திருப்பி வைத்துக்கொண்டுதான். அவளுக்குத் தெளிவாக இருந்த இடத்தில் மற்ற எல்லோருக்கும் கலங்கலாக இருக்கும். யாரோ மாத்தி வச்சிருக்காங்களாம். யாரோவாம். மேசையைப் பிடித்துக்கொண்டார். நமச்சிவாயத்தின் பையன் வாங்கியிருந்தால் ஊருக்குப் போகிற பஸ்ஸிலேயே திருப்பியிருப்பான், அது திருப்பப்பட்டது என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. "சரி, சரி. தொடல. கண்ணுல வைக்காமலே அமுக்கிப் பாப்போம்" என்றார் தனசிங், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். கேமரா துடித்துக்கொண்டே இருந்தது, துடித்துக்கொண்டே இருந்தது, அவர் விரலை எடுத்தபிறகுதான் நின்றது.

பிறகு வேலை சுருக்கமாக முடிந்தது. விலை வித்தியாசத்தைத் திரவியம் கொடுத்தார். தனசிங் அந்தப் பரிசோதனைப் படங்களை அழித்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து ஒரு வாரத்துப் படங்களைப் புதுக் கார்டில் ஏற்றினார். பழைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இத நீங்களே வச்சுக்கிடுதீங்களா அண்ணாச்சி? ஒரு நினைவுக்கு? நான் ஏஜென்ட்டுகிட்ட ஏதாவது சொல்லிக்கிடுதேன்" என்றார். நல்ல மனுசர்தான். அதுவும் திரவியத்துக்குக் கோபமாக வந்தது. வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு ஆசை வரத்தான் செய்தது. டப்பியோடு அலமாரியில் வைக்கலாம், அவள் படத்துக்குக் கீழே. அப்புறம் அவள் குரல் வந்தது, வணக்கம் போட்டுக்கொண்டு. நல்லாயில்லாதத வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு படத்தில் தொண்ணூறை அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள், ஒரு தடவை அவர் அழகாக இருக்கிறதே என்று ஒரு கொக்கைக் காப்பாற்றப் பார்த்தபோது, அதுக்குக் கண்ணு தெளிவில்லை என்று சொல்லி அதையும் அழித்தாள். ஆகாத கார்டைக் கும்பிட்டுக்கொண்டு வந்து நிற்கிற புருசனை அவள் மன்னிக்க மாட்டாள். "வேண்டாம். திருப்பிக் குடுக்கணும்னு சொன்னா" என்றார். "கடைசியா அதத்தான் சொன்னா." தனசிங் கார்டை லேப்டாப்பில் சொருகித் துடைத்துவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். வெறுமையாக இருந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. படியில் இறங்கும்போது, தனசிங்கிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தார், திரும்பவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிழல் இருந்த பக்கமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து, ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார். அந்தச் சக்கரம் அவள் வைத்தபடியே சைபருக்கு இடது பக்கம் மூன்றாவது கோட்டில் இருந்தது.